நகரத்துக்கு வெளியே என்பது யாருடைய ஊர்?

(எம்.சி. ராஜா நினைவுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



 இன்றைக்குப் புளியந்தோப்பைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் அமைப்பாளர் ஒருவர், "நாம திருவள்ளூர் மாவட்டத்துல கூட்டம் போடறோம், புளியந்தோப்பு எதுக்குத் தோழர்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கான பதிலாகவே இந்தப் பேச்சை வைத்துக்கொள்ளுங்கள். புளியந்தோப்பில் ஒரு கட்டடம் உயர்ந்தால் அதன் நிழல் கூடப்பாக்கத்திலும் குத்தம்பாக்கத்திலும் தேர்வாய் கண்டிகையிலும் விழுகிறது. அந்த நிழலை அளந்து பார்க்கலாம் என்று வந்திருக்கிறேன்.

எம்.சி. ராஜா பெயரில் நடக்கும் சொற்பொழிவு என்பதால் அவரிடமிருந்தே தொடங்கலாம். 1883-இல் பரங்கிமலையில் பிறந்தவர், பள்ளி ஆசிரியர், சென்னை சட்டமன்ற மேலவைக்குள் நம்மவர்களின் பிரதிநிதியாக முதலில் போனவர். 1932-இல் செய்த ராஜா–மூஞ்சே ஒப்பந்தத்தை மட்டும் வைத்து அவரை எடைபோடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தில் எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் 1921-இல் புளியந்தோப்பு எரிந்தபோது அந்த மனிதர் எங்கே நின்றார் என்பதைப் படிக்காமல் அவரைப் பற்றி முடிவு சொல்லக் கூடாது.

புளியந்தோப்பைத் தெரியாதவர்களுக்காக அந்தத் தெருவைச் சொல்கிறேன். பெரம்பூர் பேரக்ஸ் சாலையில் நடந்தால் ஒருபுறம் பட்டாளம், ஒருபுறம் ஓட்டேரி. ஆடுதொட்டி அங்கேதான். அதைச் சுற்றி இறைச்சிக் கடைகள், தோல் மண்டிகள், பழைய இரும்புக் கடைகள், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள், காலையிலேயே தீர்ந்துபோகும் பீப் பிரியாணிக் கடைகள். மழை வந்தால் ஓட்டேரி நல்லாவின் தண்ணீர் வீட்டுக்குள் வரும். சினிமாக்காரர்களுக்கு இது ரவுடி ஏரியா. போலீசுக்குப் பட்டியல் ஏரியா. வீட்டு வாடகைத் தரகருக்கு, "அந்தப் பக்கம் வேணாம் சார்" என்று சொல்ல உதவும் ஏரியா. இங்கே ஒரு நூற்றாண்டுக்கு மேல் நம் மக்கள் வாழ்ந்தார்கள், உழைத்தார்கள், சங்கம் வைத்தார்கள், இரவுப் பள்ளி நடத்தினார்கள், கால்பந்து ஆடினார்கள், கானா பாடினார்கள்.

அவர்கள் எங்கிருந்து வந்தவர்கள்? பெரும்பாலும் அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவிலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும். அன்றைய செங்கல்பட்டு ஜில்லா என்றால் நம் பொன்னேரியும் திருவள்ளூரும் அதற்குள் அடக்கம். நம் திருவள்ளூர் மாவட்டம் தனியாகப் பிரிந்ததே 1997-இல்தான். பண்ணையில் படியாளாக இருந்தவர்களின் பிள்ளைகள் ரயில் பாதையோரமாகவே நடந்து சென்னைக்குப் போய், பக்கிங்காம் மில்லிலும் கர்நாடிக் மில்லிலும் கூலிக்குச் சேர்ந்தார்கள். பிறகு பின்னி கம்பெனியின் பி அண்டு சி மில் என்று எல்லோருக்கும் தெரிந்தது அதுதான். கூலி குறைவு, வெள்ளைக்கார மேஸ்திரியின் அடி உண்டு. ஆனாலும் மாதச் சம்பளம். ஆண்டையின் களத்து மேட்டில் நின்று நெல்லுக்குக் கையேந்தியவனுக்கு மாதச் சம்பளம் என்பது என்ன என்று இந்த அரங்கில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1918 ஏப்ரலில் பி.பி. வாடியா தலைவராக இருக்க, அந்த மில் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்று. 1921 மே மாதம் கர்நாடிக் மில்லிலும், ஜூனில் பக்கிங்காம் மில்லிலும் வேலைநிறுத்தம் தொடங்கி அக்டோபர் வரை நீண்டது. ஆதி திராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குப் போனார்கள். ஜூன் கடைசியில் புளியந்தோப்புச் சேரியில் தீ வைக்கப்பட்டது. அதன் பிறகு இரு தரப்பும் மோதின, போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது, பிணங்கள் விழுந்தன.

தொழிற்சங்க வரலாற்றில் நம் தாத்தாக்களுக்குக் கிடைத்த பெயர் கருங்காலி. நான் அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. ஊரில் கொஞ்சம் நிலமோ, சொந்தக்காரர் வீட்டுக் களஞ்சியமோ இருப்பவனால் ஆறு மாதம் வேலைநிறுத்தம் செய்ய முடியும். ஊரில் காலடி மண்கூட இல்லாதவன் வாராவாரம் கூலி வாங்கியாக வேண்டும். சங்கம் அந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. ராஜா எடுத்தார். எடுத்ததற்காக அரசாங்கத்தின் ஆள் என்று திட்டு வாங்கினார்.

நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்து நடந்ததை. கலவரத்துக்குப் பிறகு நீதிக்கட்சித் தலைவர்கள், அரசாங்கம் ஆதி திராவிடர்களுக்குச் செல்லம் கொடுத்ததுதான் பிரச்சினைக்குக் காரணம் என்றார்கள். பிட்டி தியாகராயர் ஒருபடி மேலே போய், ஆதி திராவிடர்களைச் சென்னை நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்க் குடியமர்த்த வேண்டும் என்றார். அவருடைய மற்றப் பணிகளை மறுப்பதற்காக இதைச் சொல்லவில்லை. எரிக்கப்பட்டவனின் குடிசையை நகரத்துக்கு வெளியே தூக்கிப் போடு என்ற யோசனை, சமூகநீதி பேசிய ஒரு கட்சியின் தலைவரிடமிருந்து வந்தது என்பதைப் பதிவு செய்யத்தான் சொல்கிறேன். அன்றைக்கு அது நடக்கவில்லை. ராஜா 1923-இல் அந்தக் கட்சியைவிட்டு விலகினார். புளியந்தோப்பு புளியந்தோப்பிலேயே இருந்தது.

1921-இல் வாய்விட்டுக் கேட்டும் கிடைக்காத ஒன்று, கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் யாரும் வாய்திறந்து கேட்காமலேயே நடந்துகொண்டிருக்கிறது. சாதியின் பெயர் அதில் எங்கும் வருவதில்லை. வெள்ளத் தடுப்பு, நதி மீட்பு, அழகுபடுத்தல், மறுகுடியமர்வு என்ற சொற்கள் வருகின்றன. அந்த "வெளியே" என்ற இடத்துக்கு வரைபடத்தில் ஒரு பெயர் உண்டு. தெற்கே போனால் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். மேற்கே வந்தால் நம்முடைய மாவட்டம்.

மில் 1996-இல் மூடப்பட்டது. பிறகு பல ஆண்டுகள் அந்தச் சிவப்புக் கட்டடங்கள் சும்மா கிடந்தன. சும்மா என்றால், சினிமா ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விடப்பட்டன. வில்லனின் கோட்டை, கடத்தல்காரனின் குடோன், ஹீரோ நாற்பது பேரை அடிக்கும் இடம், பலவும் அங்கேதான் எடுக்கப்பட்டன. நம் தாத்தாக்கள் நூல் சுற்றிய கூடத்தில் நம் தெருப் பையன்கள் அடியாள் வேடத்தில் அடிவாங்கினார்கள். அதே நிலத்தில் இப்போது எஸ்.பி.ஆர். சிட்டி என்ற பெயரில் அறுபது ஏக்கருக்கும் மேலான பரப்பில் அடுக்குமாடிக் கோபுரங்கள் எழுந்திருக்கின்றன. விளம்பரத்தில் ஊர் பெயர் பெரம்பூர் என்று வருகிறது. புளியந்தோப்பு என்று போட்டால் விற்காது என்பது விற்பவருக்குத் தெரியாதா?

இதற்குச் சமூகவியலில் ஒரு சொல் உண்டு. 1964-இல் ரூத் கிளாஸ் என்ற பெண்மணி லண்டனின் உழைப்பாளர் தெருக்களுக்குள் நடுத்தர வர்க்கம் குடியேறி, பழைய குடிகளை மெல்ல வெளியேற்றுவதைக் கவனித்து அதற்குப் பெயர் வைத்தார். நம் ஆட்கள் மேட்டுக்குடிமயமாதல் என்று மொழிபெயர்க்கிறார்கள். 1979-இல் நீல் ஸ்மித் இதற்குப் பொருளாதார விளக்கம் கொடுத்தார். ஒரு நிலம் இன்றைக்குத் தரும் வாடகைக்கும், வேறு விதமாகப் பயன்படுத்தினால் தரக்கூடிய வாடகைக்கும் நடுவே இடைவெளி பெரிதாகும்போது மூலதனம் திரும்பி வரும் என்றார். தேர்வில் எழுத நல்ல விளக்கம். ஆனால் புளியந்தோப்பில் அந்த இடைவெளியைத் தோண்டியது யார் என்று கேட்டால் நீல் ஸ்மித்தால் பதில் சொல்ல முடியாது. சென்ட்ரலிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் ஒரு நிலம் நூறு ஆண்டுகளாக மலிவாகக் கிடந்ததற்குக் காரணம் மண் இல்லை, மனிதர்கள். அவர்களுடைய சாதி, அவர்கள் சாப்பிடும் கறி, அவர்களைப் பற்றிய சினிமா. தீட்டு நிலத்தின் விலையைக் கீழே பிடித்து வைத்திருந்தது. இப்போது அந்தச் சாலையில் மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பாதை வருகிறது. ஓட்டேரி, பட்டாளம், பெரம்பூர் பேரக்ஸ் சாலை என்று நிலையங்களுக்குப் பெயரும் வைத்தாயிற்று. மலிவாக இருந்ததால் வாங்க முடிந்தது, மெட்ரோ வருவதால் விற்க முடிகிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கிற லாபத்தில் நம்முடைய அவமானமும் சேர்ந்திருக்கிறது.

மும்பையில் என்ன நடந்தது என்று ஒரு நிமிடம் பார்ப்போம். அங்கே கிரண்காவ் பஞ்சாலை நிலங்களுக்கு 1991-இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு நகராட்சியின் திறந்தவெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு, ஒரு பங்கு மில் முதலாளிக்கு. 2001-இல் அந்த விதியை நீர்த்துப்போகச் செய்தார்கள், 2006-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் தொழிலாளர்கள் விடாமல் போராடியதால் ஒரு பகுதியினருக்குக் குலுக்கல் முறையில் வீடு கிடைத்தது. சென்னையில் மில் நிலத்தில் தொழிலாளிக்கு ஒரு பங்கு என்ற பேச்சே பெரிதாக எழவில்லை. தொழிற்சங்கத்துக்கு அது சம்பளப் பாக்கி விவகாரம், தலித் இயக்கத்துக்கு அது தொழிற்சங்க விவகாரம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது நிலம் போய்விட்டது. 1921-இல் விழுந்த விரிசல் 1996-க்குப் பிறகும் நிலத்தரகருக்கு உதவியது என்று நான் நினைக்கிறேன்.

அந்தக் கோபுரங்களுக்கு அருகிலேயே கேசவப்பிள்ளை பூங்கா குடியிருப்பு இருக்கிறது. கே.பி. பார்க் என்றால் எல்லோருக்கும் தெரியும். பழைய வாரிய வீடுகளை இடித்துவிட்டுப் புதிதாக 1,920 வீடுகள் கட்டினார்கள். 2021 ஜூலையில் அரும்பாக்கம் ராதாகிருஷ்ணன் நகரில் கூவம் கரையிலிருந்து அகற்றப்பட்டவர்களையும் இங்கேதான் கொண்டுவந்தார்கள். அடுத்த மாதமே சுவரைத் தொட்டால் பூச்சு உதிர்கிறது என்று மக்கள் கையால் சுரண்டிக் காட்டியதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பிறகு ஐ.ஐ.டி. குழுவை வைத்து ஆய்வு செய்தார்கள், தரக்குறைவு உறுதியானது. ஒரே மண், ஒரே மணல், ஒரே காலகட்டம். நகரத்தில் உறுதியாகக் கட்டத் தெரியாமல் இல்லை, யாருக்குக் கட்டுகிறோம் என்பது கட்டுகிறவருக்குத் தெரிந்திருக்கிறது.

குடிசை மாற்று வாரியத்தின் கதையை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1970-இல் வாரியம் தொடங்கியபோது, இருந்த இடத்திலேயே மாடி வீடு என்பதுதான் கொள்கை. சென்னை முழுக்க நாம் பார்க்கிற பழைய மூன்று மாடி, நான்கு மாடிக் குடியிருப்புகள் அப்படி வந்தவை. பலரை நகரத்துக்குள் நிலைக்க வைத்தவை. அந்த அளவுக்கு அது பெரிய காரியம், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தில் குடிசைப் பகுதி என்றால் என்ன என்று வரையறுக்கும் இடத்தைப் படித்துப் பாருங்கள். தாழ்வாகவோ, சுகாதாரமில்லாமலோ, நெரிசலாகவோ இருப்பதால் அந்தப் பகுதி மக்களுடைய அல்லது அக்கம்பக்கத்தாருடைய ஆரோக்கியத்துக்கோ பாதுகாப்புக்கோ வசதிக்கோ கேடு தரக்கூடிய இடம் என்ற பொருளில் அது போகிறது. அக்கம்பக்கத்தாரின் வசதி! பக்கத்தில் யார் குடிவருகிறார்களோ அவர்களுடைய வசதியைப் பொறுத்து நம் தெருவின் தலையெழுத்து மாறும் என்பதற்குச் சட்டத்திலேயே ஒரு கதவு திறந்திருக்கிறது. மாணவர்கள் இந்தப் பிரிவை ஊர்க் கட்டுப்பாட்டோடு ஒப்பிட்டு ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதலாம். எழுதினால் எனக்கும் அனுப்புங்கள்.

அந்தச் சட்டத்தின்படி ஒரு பகுதியைக் குடிசைப் பகுதி என்று அறிவித்தால் மக்களுக்குக் கொஞ்சம் பாதுகாப்பும் உண்டு. ஆனால் சென்னையில் 1985-க்குப் பிறகு பல பத்தாண்டுகள் புதிதாக எதையும் அறிவிக்கவே இல்லை. அறிவிக்காத பகுதி ஆக்கிரமிப்பு. ஆக்கிரமிப்பு என்றால் அகற்றலாம். 2000-க்குப் பிறகு கண்ணகி நகரில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், பெரும்பாக்கத்தில் அதைவிட அதிகம். 2021-இல் வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். பெயர் நன்றாக இருக்கிறது.

கூவம் கரையிலிருந்து எடுக்கப்பட்ட குடும்பங்களில் ஒரு பகுதி நம் மாவட்டத்தில் பூந்தமல்லி வட்டத்திலிருக்கிற கூடப்பாக்கத்துக்கு வந்தது. அங்கே நான் சிலமுறை போயிருக்கிறேன். மாடிப்படியில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், "வீடு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். "வூடு நல்லாத்தாம்மா கீது. வூட்ட வச்சினு இன்னா பண்றது? வேல அங்க கீதே" என்றார். நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவர். இங்கே வந்த பிறகு விடியற்காலையில் பஸ் பிடித்துப் போய் இரண்டு வீடு மட்டும் பார்க்கிறார். பிள்ளை பழைய பள்ளிக்கூடத்தைவிட்டு நின்றுவிட்டான். "அங்க இருந்தப்ப ஒடம்பு சரியில்லன்னா ஜிஎச் நடந்து போவோம், இங்க ஆம்புலன்ஸ் வரதுக்குள்ள நம்மளே தேறிக்குவோம்" என்று சிரித்தார். கூடப் போனவர்களுக்கும் சிரிப்பு வந்தது. வெளியே வந்த பிறகு யாரும் பேசவில்லை.

இந்த வீடுகள் வந்த கிராமத்து மக்களையும் நாம் மறக்கக் கூடாது. அவர்களிலும் நம்மவர்கள் உண்டு. அவர்கள், "மெட்ராஸ்காரங்க வந்து எங்க ஊரு கெட்டுப்போச்சு" என்கிறார்கள். நூறு வருடத்துக்கு முன்பு இதே ஊர்களிலிருந்து ரயில் பாதையோரம் நடந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள்தான் திரும்பி வந்திருக்கிறார்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். பெரிதாக எடுபடவில்லை. தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்கிறவர்களிடம் வரலாறு எடுபடாது, முதலில் தண்ணீர் வேண்டும்.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். நகரத்துக்கு வெளியே என்று சொல்கிறார்களே, அந்த வெளி காலியாகக் கிடந்ததா? செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமன்ஹீர் 1891-இல் இந்தப் பகுதிப் பறையர்களின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கை உங்களில் பலருக்குத் தெரியும். அதன் விளைவாக 1892-இல் வந்த அரசாணையின் வழியே சென்னை மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் நிலம் நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்டது என்பது நம் இயக்கம் தொடர்ந்து சொல்லிவருகிற கணக்கு. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்டோருக்கு மட்டுமே விற்க வேண்டும் என்ற நிபந்தனை. பஞ்சமி நிலத்தின் கதை நம் மண்ணில் தொடங்கிய கதை. அந்த நிலத்தைக் கேட்டுக் காரணையில் போராடியதற்காகத்தான் 1994 அக்டோபர் 10-இல் செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள்.

கும்மிடிப்பூண்டி வட்டத்தில் தேர்வாய் கண்டிகை. பெரும்பாலும் தலித் குடும்பங்கள் வாழும் ஊர். ஊரை ஒட்டி ஆயிரம் ஏக்கருக்கும் மேல் மேய்க்கால் நிலம். மாடு மேய்த்தார்கள், விறகு பொறுக்கினார்கள், மூலிகை பறித்தார்கள், மரம் வளர்த்துக் காடாகவே ஆக்கியிருந்தார்கள். பதிவேட்டில் அது புறம்போக்கு. 2007-க்குப் பிறகு சிப்காட் அதை எடுத்தது. கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள், மறியல் செய்தார்கள், சிறைக்குப் போனார்கள். மிஷலின் டயர் ஆலை வந்தது. 2012-இல் பிரான்சிலேயே தொழிற்சங்கமும் தொண்டு அமைப்புகளும் சேர்ந்து அந்த நிறுவனத்தின் மேல் புகார் கொடுக்கும் அளவுக்கு விஷயம் போனது. நிலம் திரும்பி வரவில்லை. 2020 நவம்பரில் அதே தேர்வாய் கண்டிகையில் கண்ணன்கோட்டை நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது, சென்னையின் குடிநீருக்காக. மேய்ச்சல் நிலத்தைத் தொழிற்சாலைக்குக் கொடுத்த ஊர் பக்கத்திலிருந்து, இப்போது தண்ணீரும் நகரத்துக்குப் போகிறது. கோபுரத்தின் இருபதாவது மாடியில் குழாயைத் திறக்கிறவருக்குத் தேர்வாய் கண்டிகை என்ற பெயர் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

குத்தம்பாக்கம் இன்னொரு ஊர். தலித் ஊராட்சித் தலைவர் இளங்கோ, இரட்டை வீடுகளில் இரு சாதிக் குடும்பங்களை அடுத்தடுத்து வாழவைத்த ஊர் என்று இந்தியா முழுக்கப் பேசப்பட்டது. அந்த ஊரின் மேய்ச்சல் நிலத்தில் சென்னையின் குப்பையைக் கொட்டத் திட்டமிட்டார்கள். ஊர் நின்று எதிர்த்தது. சில ஆண்டுகள் கழித்து அதே குத்தம்பாக்கத்தில் மேற்கு மாவட்டங்களுக்கான பேருந்து முனையம் எழுந்தது. குப்பைக்குப் பொருத்தமான இடம் என்று பார்க்கப்பட்ட ஊர் பத்துப் பதினைந்து வருடத்துக்குள் நகரத்தின் வாசலாகிவிட்டது. வாசல் ஆனதும் மனை விலை ஏறுகிறது. மனை விலை ஏறியதும் கூடப்பாக்கம் போன்ற வாரியக் குடியிருப்புகளும் பக்கத்துச் சேரிகளும் யாருடைய கண்ணிலோ மீண்டும் அக்கம்பக்கத்தாரின் வசதிக்குக் கேடாகத் தெரியத் தொடங்கும். இந்த இரண்டாவது துரத்தலைத்தான் நான் பயப்படுகிறேன். புளியந்தோப்பிலிருந்து ஒருமுறை போனவர்களை இங்கிருந்து எங்கே அனுப்புவார்கள்? ஆந்திர எல்லை வந்துவிடுகிறதே.

அதற்கான அடையாளங்கள் இப்போதே உண்டு. கும்மிடிப்பூண்டி, பெரியபாளையம், ஊத்துக்கோட்டைச் சாலைகளில் போகும்போது பாருங்கள். ஆர்ச் வைத்து, தென்னங்கன்று நட்டு, "கேட்டட் கம்யூனிட்டி" என்று போர்டு வைத்த மனைப் பிரிவுகள். அதன் சுற்றுச்சுவர் எங்கே முடிகிறது என்று பார்த்தால் பல இடங்களில் காலனிக்குப் போகிற பாதையில் முடிகிறது. சுடுகாட்டுக்குப் பிணம் தூக்கிப்போன வழி மனை எண் 14 ஆகிவிடுகிறது. பதிவேட்டில் பாதை இல்லை என்கிறார் வருவாய்த்துறை அதிகாரி. இரண்டு தலைமுறை பிணம் போன வழி பதிவேட்டில் இல்லை, நேற்று வந்த சுவர் இருக்கிறது.

ஒரு மாற்றுக் கருத்தையும் பேசியாக வேண்டும், ஏனென்றால் அது வெளியிலிருந்து வரவில்லை, நம் வீட்டிலிருந்தே வருகிறது. என் தம்பி வயதுப் பொறியாளர் ஒருவர் கேட்டார்: "அக்கா, ஆடுதொட்டி நாத்தத்துலயும் சாக்கடைத் தண்ணியிலயும் நாம இருந்தே தீரணுமா? எனக்கு லிப்ட் வச்ச வீடு வேணும். அம்பேத்கர் நகரத்துக்குப் போகத்தானே சொன்னார்?" அவர் சொல்வதில் பெரும்பகுதி சரி. வறுமையை அழகாகப் படம்பிடித்துப் பாராட்டுகிற வேலை நமக்கு வேண்டாம். அதை முற்போக்குப் புகைப்படக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். நம் பிள்ளைகள் கோபுரத்தில் வீடு வாங்கட்டும். வாங்கும்போது என்ன நடக்கிறது என்பதையும் அவரே சொன்னார். தரகர் முதலில் சொந்த ஊர் கேட்டாராம், பிறகு அப்பாவின் வேலை, பிறகு "வெஜ்ஜா சார்?" வங்கிக் கடன் கையில் இருந்தும் மூன்று இடத்தில் வாடகை வீடுகூடக் கிடைக்கவில்லை. உயரமான கட்டடத்தோடு எனக்குச் சண்டை இல்லை. நம்மைக் காலிசெய்த நிலத்தில் நாம் காசு கொடுத்தாலும் நுழைய முடியாதபடி கட்டும்போதுதான் சண்டை. இருந்த இடத்திலேயே நல்ல வீடு என்பது 1970-இல் ஓர் அரசாங்கம் ஏற்றுக்கொண்ட கொள்கை. அதைத் திரும்பக் கேட்பது பழைய சேரியைத் திரும்பக் கேட்பது ஆகாது.

பேச்சை முடிப்பதற்கு முன் வேலை ஒன்று சொல்லிவிடுகிறேன். 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. கும்மிடிப்பூண்டி வட்டமும் அதற்குள் வருகிறது. மீஞ்சூர், திருமழிசை, திருவள்ளூர் ஆகியவற்றுக்குப் புதுநகர வளர்ச்சித் திட்டங்கள் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. அதாவது நாம் இனி வெளியே இல்லை, உள்ளேதான் இருக்கிறோம். திட்ட வரைபடத்தில் எந்த இடத்துக்கு எந்த நிறம் தீட்டுகிறார்கள் என்பதில்தான் அடுத்த இருபது ஆண்டு இருக்கிறது. குடியிருப்பு என்று போட வேண்டிய காலனிக்குத் தொழில் பகுதி என்று நிறம் தீட்டிவிட்டால் பிறகு வீட்டுக்கு மேல் மாடி எடுக்கக்கூட அனுமதி வராது.

இதற்கு எதிராக நம் கையில் இருக்கவேண்டியது காகிதம். நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம் என்று 1979 முதல் 1987 வரை பதிவேடுகளைப் புதுப்பித்தபோது பல ஊர்களில் டி.சி. நிலம் என்ற குறிப்பு காணாமல்போனது. ஆகவே இன்றைய சிட்டாவை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய 'அ' பதிவேட்டின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். குறிப்புக் கலத்தில் நிபந்தனை என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போடுங்கள், யார் யாருக்கு விற்றார்கள் என்று வரிசையாக வரும். பழைய எண், புதிய எண் ஒப்பீட்டுப் பட்டியல் கேட்க மறக்காதீர்கள், அது இல்லாவிட்டால் மேற்சொன்ன இரண்டும் பொருந்தாது. மேய்க்கால், மந்தைவெளி, சுடுகாடு, வண்டிப் பாதை இவற்றையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். ஊரில் வயதானவர்களை அழைத்துப்போய் நடந்தே காட்டச் சொல்லுங்கள், கைப்பேசியில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைக் கிராம சபையில் தீர்மானமாகப் பதியுங்கள். வரைவுத் திட்டம் கருத்துக் கேட்புக்கு வரும் நாளில் கத்துவதற்கு ஆள் நிறைய வருவார்கள், சர்வே எண்ணோடு வருகிறவர்கள்தான் குறைவு.

இந்த அரங்கில் சமூகவியல் படிக்கிற மாணவர்கள் நாற்பது பேருக்கு மேல் இருக்கிறீர்கள் என்று சொன்னார்கள். ஆளுக்கு ஒரு ஊர் என்று எடுத்தால் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி வட்டங்களில் சிப்காட்டையும் புதிய சாலைகளையும் ஒட்டிய காலனிகளை இந்த ஒரு பருவத்திலேயே முடித்துவிடலாம். வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எழுதும் மனுவின் மாதிரியை அச்சிட்டுக் கொண்டுவந்திருக்கிறேன், வாசலில் மேசைமேல் இருக்கிறது. போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.